விஞ்ஞான பீடம் என்றால் எல்லாம் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்ததும் உங்கள் பத்திரிகையில் மாவட்ட முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்களைப் போடுகிறீர்கள். நல்ல விஷயம். பிள்ளைக்கும் பாடசாலைக்கும் அது பெருமை. ஆனால் அதற்குப் பின் வரும் சில வாரங்களில்தான் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்த நேரத்தில் எதை எப்படித் தெரிவு செய்வது என்று சொல்லும் ஒரு பத்தியைக்கூட நம் பத்திரிகைகளில் காண்பது அரிதாக இருக்கிறது. மன்னாரில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவம், பொறியியல் பற்றி எழுத வரவில்லை. அவற்றுக்கு ஆலோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. விஞ்ஞானப் பட்டத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில். எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகள் அதைக் கொமினிகேசன் கடையில் வைத்துத்தான் நிரப்புகிறார்கள். கடைக்காரத் தம்பி திரையைப் பார்த்தபடி "அடுத்தது என்ன போடட்டும்?" என்று கேட்பார். பிள்ளை தகப்பனைப் பார்க்கும், தகப்பன் பிள்ளையைப் பார்ப்பார். கையில் ரியூட்டரியில் கொடுத்த போட்டோக்கொப்பி ஒன்று இருக்கும். மேலே மருத்துவம், அதற்குக் கீழே பல் மருத்துவம், மிருக வைத்தியம், இப்படியே இறங்கி உயிரியல் விஞ்ஞானத்துக்கு வந்தால் கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், கிழக்கு என்று வரிசை போகும். போன வருடம் எதற்கு வெட்டுப்புள்ளி (உள்ளே போகத் தேவைப்பட்ட ஆகக்குறைந்த புள்ளி) கூடவோ அது மேலே, எதற்குக் குறைவோ அது கீழே. அந்த ஒழுங்குக்கு வேறு காரணம் கிடையாது. அதை அப்படியே அடித்து, அச்சுப் பிரதியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

வெட்டுப்புள்ளி என்பது அந்த இடத்துக்கு எவ்வளவு போட்டி இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள், எந்தத் துறை இருக்கிறது, எந்தத் துறை இல்லை என்பதை அது சொல்லாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்யும் முறையைப் பல பெற்றோர் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். "எட்டாததை மேலே போட்டால் கீழே உள்ளதும் போய்விடும்" என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பிள்ளை எழுதிய ஒழுங்கை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். இசட் புள்ளி, அதாவது தரப்படுத்திய உயர்தரப் புள்ளி, எங்கே போதுமோ அந்த இடம் கிடைக்கும், அதற்குக் கீழே எழுதியவை அத்தோடு சரி. ஆகவே ஆசைப்பட்டதை மேலே போடுவதில் நட்டமில்லை. விருப்பமில்லாத ஒன்றை ஊருக்காக மேலே போட்டால்தான் ஆபத்து, அதுவே கிடைத்துவிடும். கிடைத்ததில் பதிந்த பிறகு "எனக்கு வேறு வேண்டும்" என்று திரும்பி வருவது லேசான காரியமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. மன்னாரும் அந்தப் பதினாறில் ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, நுவரெலியா, பதுளை எல்லாம் அதில்தான். இதனால் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஓரிரண்டு அல்ல, நாலைந்து விஞ்ஞான பீடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தெரிவு செய்ய உண்மையில் இடம் இருக்கிறது. அந்தத் தெரிவைக் கொமினிகேசன் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பீடத்துக்குப் பீடம் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் துறைகளின் பட்டியலைத்தான் பார்க்கச் சொல்வேன். பேராதனையில் புவிச்சரிதவியலுக்கு என்றே ஒரு துறை இருக்கிறது. பாறை, கனியம், நிலத்தடி நீர் என்று ஆசைப்படும் பிள்ளை வேறு எந்த விஞ்ஞான பீடத்துக்குப் போனாலும் அதைத் தேடித் தவிக்க வேண்டியதுதான். மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிரியல் தொழினுட்பத்துக்கும் அங்கே தனித் துறை உண்டு. களனியில் நுண்ணுயிரியல் தனித் துறை. கொழும்பில் அணு விஞ்ஞானத்துக்குத் தனித் துறை, புள்ளிவிபரவியலுக்கும் அப்படியே. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் உணவு விஞ்ஞானமும், வனவியல் மற்றும் சுற்றாடல் விஞ்ஞானமும். யாழ்ப்பாணத்தில் விலங்கியலோடு கடற்றொழிலுக்கும் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம். சின்னப் பட்டியல்தான், ஆனால் ஒரு பக்கம் வாவி, வடக்கே கொஞ்சம் போனால் பாசிக்குடாவின் பவளப்பாறை. விலங்கியல் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட என்ன ஆய்வுகூடம் வேண்டும்? பேராதனையில் தாவரவியல் படிப்பவருக்கு 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா பக்கத்திலேயே கிடைப்பதும் இப்படித்தான்.

வவுனியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மன்னார்ப் பெற்றோருக்கு அதில் தனிப் பிரியம். பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடு மன்னார் வீதியில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது யன்னலால் காட்டி "இதிலேயே படிச்சால் கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வரலாம்" என்பார்கள். யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. நல்ல இடம். ஆனால் அங்கே உள்ளது பிரயோக விஞ்ஞான பீடம். உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது சுற்றாடல் விஞ்ஞானப் பட்டம். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் என்று மூன்று பாடம் எடுத்து, பிறகு ஒன்றில் சிறப்புப் பட்டத்துக்குப் போகும் வழி அது அல்ல. சுற்றாடல்தான் வேண்டும் என்ற பிள்ளை வவுனியாவைத் துணிந்து முதலாவதாகவே போடலாம். இரசாயனவியல் வேண்டும் என்ற பிள்ளை, பஸ் நேரத்தைப் பார்த்துப் போடக் கூடாது.

அப்புறம், சிறப்புப் பட்டம். இதைப் பற்றி உயர்தர மாணவர்களிடம் யாருமே பேசுவதில்லை. பெரும்பாலான விஞ்ஞான பீடங்களில் பிள்ளை மூன்று பாடத்தோடு உள்ளே போகிறது. மூன்று வருடத்தில் முடித்தால் பொதுப் பட்டம். நான்காவது வருடமும் இருந்து ஒரு பாடத்தை ஆழமாகப் படித்து, ஓர் ஆய்வும் செய்து முடித்தால் சிறப்புப் பட்டம். அதற்கு எல்லாரையும் எடுக்க மாட்டார்கள். ஆரம்ப வருடங்களின் புள்ளியைப் பார்த்து, துறைக்கு இத்தனை இடம் என்று எடுப்பார்கள். முதல் வருடத்தில் பாடத் தொகுதியைத் தெரியும்போது இரசாயனவியலைக் கைவிட்ட பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்து இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் கிடைக்காது. உள்ளே போன பிறகு இது தெரியவந்து அழுத பிள்ளைகளை நான் அறிவேன். ஆகவே பீடத்தின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், எந்தப் பாடத் தொகுதிகள் இருக்கின்றன, சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். முதலாவதற்கான பதில் பீடத்தின் கையேட்டில் இருக்கும். இரண்டாவதை அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டால் உள்ளபடி சொல்லும்.

மொழி பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "யாழ்ப்பாணம் என்றால் தமிழில் படிப்பிப்பார்கள், கொழும்பு என்றால் ஆங்கிலம்" என்று சொல்கிறார்கள். விஞ்ஞான பீடம் எங்கே என்றாலும் ஆங்கிலந்தான், யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் அப்படியே. தமிழ்ச் சூழலில் இருந்தால் சந்தேகத்தை விடுதியில் ஒரு சிநேகிதியிடம் தமிழில் கேட்டுத் தெளியலாம், அந்த வசதி உண்மைதான். முதல் வருடத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஆங்கிலத்துக்குப் பயந்து ஊரில் நிற்பவருக்கும் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையில் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் பிள்ளையின் கையில் ஓர் ஆங்கில உயிரியல் புத்தகத்தைக் கொடுப்பதுதான் இதற்கு மருந்து.

பெண் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. படிப்புக்குக் கட்டணம் இல்லையென்றாலும் சாப்பாடு, போக்குவரத்து, விடுதி கிடைக்காத வருடங்களில் அறை வாடகை எல்லாம் இருக்கிறது. மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும் அது மட்டும் போதாது. பகிடிவதைக்கு எதிராக 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, முறையிட வழியும் இருக்கிறது, இருந்தும் பெற்றோரின் மனம் ஆறுவதில்லை. இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்து, "தூரம் வேண்டாம்" என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதை நான் மதிக்கிறேன். நான் கேட்பது, அந்த முடிவைப் பிள்ளையோடு உட்கார்ந்து, துறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள் என்பதுதான்.

என்னிடம் படித்த பேசாலைப் பிள்ளை ஒன்று. தகப்பன் கடலுக்குப் போகிறவர். வலையில் வரும் கடலட்டையையும் நண்டையும் போத்தலில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்து "ரீச்சர், இதுக்கு என்ன பெயர்?" என்று கேட்பாள். புத்தகத்தில் இல்லாத கேள்விகளாகவே கேட்பாள். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. இன்னொரு முறை எடு, மூன்றாம் முறையும் இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவள் இசைந்து வரவில்லை. கொழும்புக்கும் பேராதனைக்கும் மேலே யாழ்ப்பாணத்தைப் போட்டாள், காரணம் கேட்டவர்களுக்குக் கடற்றொழில் துறையின் பாடவிதானத்தை எடுத்துக் காட்டினாள். ஊரில் சிரித்தவர்களும் உண்டு. நான்காம் வருட ஆய்வுக்கு இதே மன்னார்க் கரைக்குத்தான் வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கடற்புல்லைச் சதுரச் சட்டம் வைத்து எண்ணினாள். கடற்பசு மேய வரும் புல் அது. தகப்பன்தான் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் மன்னார் வங்காலைக்குப் பூநாரை வந்து போகிறது. மன்னார்த் தீவில் 2020இலிருந்து காற்றாலைகள் சுழல்கின்றன, பறவைகளுக்கு அதனால் என்ன ஆகும் என்று ஊரில் விவாதம் ஓயவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று, மலையகத்தில் மண்சரிவு. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாவரவியலும் இரசாயனவியலும் புவிச்சரிதவியலும் படித்தவர்கள். எங்கள் பாடசாலைகளில் தமிழ் மூலம் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் தேடி அதிபர்கள் அலைகிறார்கள். அப்படியிருக்க விஞ்ஞானப் பட்டத்தை "மருத்துவம் கிடைக்காதவர்கள் போகிற இடம்" என்று வீட்டிலும் ரியூட்டரியிலும் சொல்லிச் சொல்லி, நல்ல பிள்ளைகளை மனம் உடைந்த நிலையில் அங்கே அனுப்புகிறோம். முதல் வருடம் முழுக்க அந்த மனக்குறையிலேயே கழிகிறது. சிறப்புப் பட்டத்துக்கான புள்ளி சேர வேண்டிய வருடம் அது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில் நாளுக்கு ஒரு பல்கலைக்கழகமாக, அதன் விஞ்ஞான பீடத்தைப் பற்றி அரைப் பக்கம் போடுங்கள். என்ன துறைகள், என்ன பாடத் தொகுதி, சிறப்புப் பட்டத்துக்கு எப்படி எடுக்கிறார்கள், விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், அவ்வளவு போதும். பீடாதிபதிகளைக் கேட்டால் தருவார்கள். அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் இன்னும் விரிவாகத் தருவார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, வந்தாறுமூலை, பம்பைமடு, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் இருக்கும் சம்மாந்துறை என்று நம் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் களனியையும் பேராதனையையும் மாத்தறையையும் சேர்த்துப் போடுங்கள். மாத்தறையில் இருக்கும் ருகுணு பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே இருப்பது எங்கள் கரையோரப் பாடசாலைகளில் பலருக்குத் தெரியாது. வலயக் கல்வி அலுவலகங்களும் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கினால், கம்பஸ் பிள்ளைகளை அழைத்துவந்து பேசவைக்கலாம்.

நீங்கள் போடும் பக்கங்களைப் பிரதி எடுத்து, தலைமன்னார் முதல் மடு வரை எனக்குத் தெரிந்த பாடசாலைகளுக்கும் அந்தக் கொமினிகேசன் கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
மன்னார்.