எங்கள் தெருத் தண்ணீருக்காகக் கூட நின்றவர்களுக்கு

வணக்கம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவிலிருந்து எழுதுகிறேன். போர்வெல் தண்ணீரில் வாடை வர ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. ராத்திரி பிடித்து வைத்த குடத்தில் காலையில் மஞ்சளாக ஏடு கட்டியிருக்கும். இப்போது குடிக்கவும் சமைக்கவும் வேறு இடத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. இதற்காக அலைந்தவர்களுக்கு வாயால் சொன்ன நன்றி பத்தாது.

முதலில் ஆய்வகத்து அம்மாவுக்கு. “சோடா பாட்டிலில் பிடித்து வந்தால் வாங்க மாட்டேன்” என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகே பிடிக்கணும். உலோகம் பார்க்கத் தனி பாட்டில்; அதில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டால்தான் ஈயம், குரோமியம் எல்லாம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் தண்ணீரிலேயே இருக்கும். அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான் பயப்படணும் என்றவரும் அவர்தான். ஈயத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த அளவை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். இதைக் கேட்ட அன்று தெருவில் பாதிப் பேருக்கு அடுப்படியே வெறுத்துப்போனது.

அடுத்து, நல்ல தண்ணீர் கேட்டுக் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தொழிலாளிகள். இவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லணும். ஆலை வேலையில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. “பேரைப் போட்டால் நாளைக்கு கேட்டில் நிறுத்திடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு அக்கா தன் பெயருக்குக் கீழே கதவு எண்ணையும் தானாகவே எழுதினார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தாள்கள் எடுபட்டதற்கு அந்தக் கையெழுத்துகள்தான் காரணம் என்பது என் எண்ணம். பெயர்களை இங்கே எழுதவில்லை. ஏன் என்று அவர்களுக்கே தெரியும்.

குழாய் வரும்வரை கேன் தண்ணீரைக் காசு வாங்காமல் ஏற்றி வந்த ஓ.டி. (கடலூர் பழைய நகர்) ஆட்டோ தம்பிக்கும், மனுவை டைப் அடித்த காலேஜ் பிள்ளைகளுக்கும் நன்றி.

அப்புறம், இந்தப் பக்கத்துப் பெரியவர்களையும் சொல்லணும். 2004-லேயே சிப்காட் ஊர்க்காரர்கள் பை வைத்த வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பியவர்கள். படித்தவன் வந்துதான் அளக்கணும் என்றில்லை, ஊர்க்காரனே சாம்பிள் எடுக்கலாம் என்கிற தைரியம் எங்களுக்கு அவர்களிடமிருந்து வந்ததுதான்.

எந்த ஆலை என்று யாரும் கேட்காதீர்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்றுதான் ஆய்வறிக்கை சொல்லும். யார் விட்டது என்று சொல்லாது. அதற்கு நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கணும், சுற்றியுள்ள கிணறுகளையும் சோதிக்கணும். அது வேறு சண்டை, இன்னும் முடியவில்லை.

மழை முடிந்ததும் அதே போர்வெல்லில் மறுபடி சாம்பிள் எடுக்கப் போகிறோம். மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறும். சாம்பிளைக் குளிராக வைத்துக் கொண்டுபோக ஐஸ் பெட்டி இருப்பவர்கள் சொல்லுங்கள், போன தடவை வாங்கியது உடைந்துவிட்டது.

இப்படிக்கு,
தெருப் பெண்கள் குழு சார்பாக ஒருத்தி