1968 மஸ்டாங்: உங்கள் பரிசோதனை அறிக்கை குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
பழைய கார் பரிசோதனைப் பிரிவு.

பொருள்: 1968 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் பற்றிய தவறான அறிக்கை, அதனால் ஏற்பட்ட இழப்பு, கோரும் தீர்வு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த மார்ச் மாதம் ஒஹாயோவில் விற்பனைக்கு இருந்த ஒரு 1968 மஸ்டாங்கை வாங்கலாமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்வதற்காக உங்களுக்கு 475 டாலர் கட்டினேன். உங்கள் பரிசோதகர் போய்ப் பார்த்தார். 86 படங்களோடு 22 பக்க அறிக்கை வந்தது. அதன் முதல் பக்கத்தில் மூன்று முடிவுகள் இருந்தன: இது அசல் ஜிடி 390 (அதாவது 390 கன அங்குல எஞ்சினும் ஜிடி என்ற கூடுதல் தொகுப்பும் ஆலையிலேயே போட்ட வண்டி), துரு பாதிப்பு இல்லை, கேட்கும் விலைக்குத் தகுந்த வண்டி. அதை நம்பி 61,000 டாலர் கொடுத்து வாங்கினேன். அந்த மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

நான் இருப்பது வட கரோலினாவில். போய்ப் பார்க்க முடியாத தூரமில்லை. ஆனால் பார்த்தாலும் எனக்குப் புரியாது என்பதால்தான் உங்களிடம் வந்தேன். இந்தக் காருக்காகப் பதினோரு வருடம் பணம் சேர்த்தவன் நான். விற்றவர் ஒரு தனிநபர். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விற்றார். அப்படி எழுதிக்கொடுத்த பிறகு விற்றவரிடம் போய் நிற்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். என் பக்கம் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று நான் சம்பளம் கொடுத்தது உங்களுக்குத்தான்.

முதல் முறை புகார் சொன்னபோது உங்கள் அலுவலகத்திலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. "எங்களுடையது கண்ணால் பார்க்கும் பரிசோதனை மட்டுமே, பாகங்களைக் கழற்றிப் பார்ப்பதில்லை" என்றது அந்தப் பதில். சரி, அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் தெரிந்திருக்க வேண்டியவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

காரின் அடையாள எண்ணான வின் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய 17 இலக்க முறை 1981-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி எண் கொடுத்தது. அதனால் இந்த வயதுக் கார்களுக்குக் கணினியில் எண்ணைத் தட்டி வரலாறு எடுக்கும் வழி உதவாது, எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1968 ஃபோர்டில் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த எழுத்து ஆலை, அடுத்த இரண்டு இலக்கம் உடல் வகை, ஐந்தாவது எழுத்து எஞ்சின். என் வண்டியில் 8, ஆர், 02, சி என்று இருக்கிறது. அதாவது 1968-ம் ஆண்டு, சான் ஹோசே ஆலை, ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும் உடல்), 289 கன அங்குல எஞ்சின். 390 எஞ்சினோடு ஆலையை விட்டு வந்த வண்டி என்றால் அந்த ஐந்தாவது இடத்தில் 'எஸ்' இருக்க வேண்டும். ஃபோர்டு அன்று சொன்ன கணக்கில் 289-க்கு 195 குதிரைத்திறன், 390-க்கு 325. இந்த ஒரு எழுத்தில் அடங்கியிருக்கிறது காரின் பாதி விலை.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் பரிசோதகரே இந்த எண்ணை முழுதாகத் தட்டச்சு செய்திருக்கிறார். நான்காவது படம், டாஷ்போர்டில் பயணி பக்கம் இருக்கும் எண் தகட்டின் படம். 1968-ல் ஃபோர்டு அந்தத் தகட்டைப் பயணி பக்கம்தான் வைத்தது, அடுத்த வருடம்தான் ஓட்டுநர் பக்கம் மாறியது. தகடு எங்கே இருக்கும் என்று தெரிந்து, கண்ணாடி வழியாகத் தெளிவாகப் படம் எடுத்து, 'சி' என்று தன் கையாலேயே எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் 'அசல் ஜிடி 390' என்று போட்டிருக்கிறார். எண்ணை எடுத்தவர் அதைப் படிக்கவில்லை. இதை விற்றவர் மறைக்கவும் இல்லை. உரிமைப் பத்திரத்திலும் அதே 'சி'தான்.

ஜிடி என்பது வின் எண்ணில் வராத கூடுதல் தொகுப்பு. அது ஆலையிலேயே போட்டதா, பின்னால் ஒட்டியதா என்று அறிய மார்ட்டி அறிக்கை இருக்கிறது. 1967 முதலான ஃபோர்டு கார்களின் உற்பத்திப் பதிவுகளை வைத்து அதைத் தருகிறார்கள். கட்டணம் நீங்கள் வாங்கியதில் சிறு பங்குதான். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு நானே வரவழைத்தேன். 289 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஜிடி தொகுப்பு இல்லை. இன்று வண்டியில் இருப்பது நான்கு கியர் மேனுவல். முன் கிரில்லில் இருக்கும் பனி விளக்குகள், பக்கவாட்டுக் கோடு, ஜிடி எழுத்துள்ள பெட்ரோல் மூடி எல்லாமே இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கப்படும் பாகங்கள். மஸ்டாங்கில் தோற்றத்தை வைத்து ஜிடி என்று முடிவு செய்யவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம், இது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

இன்று வண்டியில் இருக்கும் 390 எஞ்சினும் 1968-ஐச் சேர்ந்ததில்லை. பிளாக்கின் பக்கத்தில் வார்ப்பு எண் 'டி4' என்று தொடங்குகிறது. ஃபோர்டு கணக்கில் அந்த முதல் எழுத்து எழுபதுகளைக் குறிக்கும், இலக்கம் ஆண்டை. அதற்கு அடுத்த எழுத்து பிக்கப் டிரக் வகைக்கானது. எண்ணெய் அழுக்கை ஒரு துணியால் துடைத்தால் தெரியும். பின் ஆக்சில் அதைவிட எளிது. 390-க்கு ஆலையில் போட்டது ஒன்பது அங்குல ஆக்சில், என் வண்டியில் இருப்பது எட்டு அங்குலம். கீழே உள்ள இரண்டு நட்டுகளில் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் எட்டு. இடம் இல்லாமல் ஸ்பானரைத்தான் நுழைக்க வேண்டும் என்றால் ஒன்பது. உங்கள் 51-வது படத்திலேயே அந்த நட்டுகள் தெரிகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 289-ஐ எடுத்துவிட்டு 390 போட்ட வண்டியை நான் குறைவாக நினைக்கவில்லை. 1968-ல் ஃபோர்டு செய்த 317,404 மஸ்டாங்குகளில் 42,581 மட்டுமே ஃபாஸ்ட்பேக். அந்த உடலுக்கே ஒரு மதிப்பு உண்டு. ஓட்டி மகிழ வாங்குகிறவருக்கு மாற்றிய எஞ்சின் ஒரு குறையே இல்லை. ஆனால் அதை அப்படிச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும். உண்மை தெரிந்திருந்தால் நானே அந்த விலைக்குப் பேசியிருப்பேன், உடலில் துரு இல்லாமல் இருந்திருந்தால்.

துருவைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

வண்டி வந்து இரண்டாவது வாரம் மழை பெய்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது ஈரச் சாக்கு வாடை. ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைக் கையால் அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. பக்கத்து ஊரில் நாற்பது வருடமாக இந்தக் கார்களையே செய்துவரும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒரு குடம் அளவு தண்ணீரை எடுத்துவந்து, முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகளில் நிதானமாக ஊற்றினார். என்னை உள்ளே உட்கார்ந்து டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடிக்கச் சொன்னார். சில நொடிதான். முதலில் சொட்டு, அப்புறம் நூல் மாதிரி ஓட்டம், கடைசியில் என் காலணிமேலேயே கொட்டியது. காற்று வரும் வாய்க்கு மேலே, கறுப்பு சிலிகானும் கண்ணாடி நார்த் துண்டும் வைத்து ஒட்டியது உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

1965 முதல் 68 வரையான மஸ்டாங்கின் பெரிய நோய் இதுதான். கண்ணாடிக்கு அடியில் இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டு வைத்து மூடி, நடுவில் பெட்டி மாதிரி விட்டிருக்கிறார்கள். உள்ளே காற்று போகும் வாயைச் சுற்றி ஒரு விளிம்பு. அந்தப் பெட்டியின் உட்புறத்துக்குச் சரியான பாதுகாப்புப் பூச்சு கிடையாது. இலையும் மண்ணும் போய்ச் சேர்ந்து, ஈரம் காயாமல் நின்று, விளிம்பைத் தின்றுவிடும். அப்புறம் மழைத் தண்ணீர் இரு பக்கமும் வெளியே வடியாமல் நேரே தரைக்கு இறங்கும். தரை போகும், அதன்பின் தரையைத் தாங்கும் பெட்டிகள் போகும். சரிசெய்ய ஃபெண்டரைக் கழற்றி, வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு, மேல் தகட்டையே தூக்க வேண்டும். என் வண்டிக்கு இந்த ஒரு வேலைக்கும் தரைத் தகட்டுக்கும் சேர்த்து 11,800 டாலர் என்று எழுத்தில் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு குடம் தண்ணீர்.

பெயிண்ட் அளவீடும் இதே கதைதான். ஆலை பெயிண்ட் பொதுவாக நான்கிலிருந்து ஆறு மில் தடிமன் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்கள் பரிசோதகர் மீட்டரை ஆறு இடத்தில் வைத்திருக்கிறார்: கூரையில் இரண்டு, பானட்டில் இரண்டு, கதவின் மேல் பாதியில் இரண்டு. துரு பிடிக்கும் இடங்கள் அவை இல்லையே! பின் சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடி விளிம்பில், டிக்கியின் கீழ் மூலைகளில்தானே வைத்துப் பார்க்க வேண்டும்? குளிர்காலச் சாலையில் உப்புப் போடும் மாநிலத்தில் நிற்கிற கார் அது. அந்தப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்து, இடது பின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். ஒட்டவில்லை. ஒரு சாண் மேலே நகர்த்திய பிறகுதான் 'டக்' என்று பிடித்தது. அந்தச் சாண் முழுக்க, துருவை மறைக்கப் பூசிய பட்டி. வண்டியின் அடியில் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சை உங்கள் அறிக்கை "நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது" என்று பாராட்டுகிறது. ஐம்பது வருடத்துக்கு மேலான காரின் அடியில் போன வாரம் அடித்த பூச்சைப் பார்த்தால் சந்தேகம்தான் வந்திருக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றி "உடனே ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை" என்று இருக்கிறது. 58-வது படத்தில், சாவியைத் திருப்பிய முதல் நிலையிலேயே வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது. விற்றவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார். இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால்தான் வால்வு வழியாக எண்ணெய் இறங்குவது நீலப் புகையாகத் தெரியும். என் வீட்டில் தினமும் காலையில் தெரிகிறது. "எஞ்சின் சூடாக இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நானே கேள்வி கேட்டிருப்பேன்.

டயரின் தயாரிப்பு வாரம், ஆண்டு, விளக்குகள், பிரேக் பற்றி எழுதியது எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றையெல்லாம் சேர்த்து மாற்றினாலும் சில ஆயிரம் டாலரில் முடியும். பழைய மஸ்டாங் வாங்குகிறவரை முழுகடிப்பது இரண்டே விஷயம்: அது சொல்லப்படும் வண்டிதானா, உடல் உறுதியாக இருக்கிறதா. நான் உங்களிடம் கேட்டதும் அதைத்தான். முன்பதிவுப் படிவத்தில் 'சிறப்புக் கவனம்' என்ற இடத்தில் "390 அசலா என்று பாருங்கள், துரு எங்கே என்று பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். அந்தப் படிவத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

சுயேச்சையான மதிப்பீட்டாளர் ஒருவர் இன்றைய நிலையில் இந்தக் காருக்கு 36,000 டாலர் போட்டிருக்கிறார். நான் கொடுத்ததற்கும் அதற்கும் 25,000 வித்தியாசம். விலையைப் பேசி ஒப்புக்கொண்டவன் நான் என்பதால் முழு இழப்பையும் உங்கள் தலையில் கட்டவில்லை. கேட்பது இதுதான்: பரிசோதனைக் கட்டணம் 475 டாலரைத் திருப்பித் தாருங்கள். கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருந்தும் தவறவிட்ட துரு வேலைக்கான 11,800 டாலரை ஏற்றுக்கொள்ளுங்கள்; தொழில் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அதன் கீழ் என் கோரிக்கையைப் பதிவு செய்து எண்ணைத் தெரிவியுங்கள். அத்தோடு அறிக்கையைத் திருத்தி, 'அசல் ஜிடி 390' என்ற வரியை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். நாளை நான் இந்தக் காரை விற்க நேர்ந்தால் வாங்குபவரின் கையில் அந்தத் தாள் போய்ச் சேரக் கூடாது.

30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் பதிவு செய்வேன். உங்கள் அறிக்கை, மார்ட்டி அறிக்கை, தண்ணீர் ஊற்றியபோது எடுத்த காணொளி, பழுது மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் ஆள் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் எந்தச் சனிக்கிழமையும் வரலாம். கார் என் கொட்டகையில்தான் நிற்கிறது, தரைவிரிப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்