மிலான் தீர்மானத்தை முன்னேற்றம் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பார்வையற்றோர், காது கேளாதோர் கல்வி வரலாறு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பாரிஸ் பள்ளிகளின் தொடக்க காலம் பற்றிய பகுதி சிறப்பாக இருந்தது. ஆயினும், 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டைப் பேச்சுப் பயிற்சிக்கு வழிதிறந்த முன்னேற்றம் என்று ஒரே வரியில் கடந்து சென்றிருப்பதை, காது கேளாத பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். ஏறத்தாழ அனைவருமே காது கேட்பவர்கள். சைகையைவிட வாய்ப்பேச்சே மேலான பயிற்றுமுறை என்ற தீர்மானத்தை 160 பேர் ஆதரிக்க, 4 பேர் மட்டுமே எதிர்த்தனர். அதன்பின் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றில் சைகை விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். காது கேளாதவராகவே பாரிஸ் காது கேளாதோர் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான, அமெரிக்கரான தாமஸ் காலடெட்டுடன் 1816இல் கப்பலேறி மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்ற லோரான் கிளேர் போன்ற ஒருவர், மிலானுக்குப் பிந்தைய ஐரோப்பாவில் வகுப்பறைக்குள் கால்வைப்பதே அரிதாகிவிட்டது. தம்மைப் போன்ற ஒருவரே ஆசிரியராக நிற்பதைக் காணும் வாய்ப்பைப் பிள்ளைகள் இழந்ததுதான் எனக்கு மிகப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

உதடு பார்த்துப் படிப்பது எத்தனை கடினம் என்பதைக் கண்ணாடி முன் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று ஒலியெழுப்பாமல் சொல்லிப் பார்ப்பவர் எவரும் அறியலாம். உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ககரமோ தொண்டைப் பக்கத்தில் பிறப்பதால் வெளியே தெரிவதேயில்லை. இப்படி எழுத்துக்கு எழுத்து ஊகித்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கும் வரலாறும் மனத்தில் ஏறுவது எப்போது? பேச்சுப் பயிற்சியை நான் குறைகூறவில்லை. பலருக்கு அது பயன்பட்டதைக் கண்டிருக்கிறேன். பாடத்தை விளங்கிக்கொள்ளும் மொழியைப் பறித்துவிட்டு அதைக் கொடுத்ததுதான் தவறு.

பார்வையற்றோர் கல்வியிலும் இதுவே நடந்தது. பார்ப்பவர்களின் எழுத்தையே மேடாக அச்சிட்ட கனத்த நூல்களைத்தான் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளி மாணவர்கள் தடவிப் படித்தனர். அந்த முறையில் அவர்களால் தாமாக எழுதிக்கொள்வது அரிது. மாணவராக இருந்த லூயி பிரெயில், 15 வயதில், 1824இல், அதை மாற்றும் 6 புள்ளி முறையை வகுத்தார். ஆனால் பள்ளி அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். அவர் இறந்து 2 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று தமிழ்ப் பிள்ளைகள் தொட்டுப் படிக்கும், இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் எழுத்துமுறை அந்த 6 புள்ளிகளின் மேல்தான் நிற்கிறது.

மிலான் தீர்மானங்களைக் காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடே 2010இல் வான்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவித்துவிட்டது. ஆகவே, இச்செய்தியைத் தங்கள் அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுவதோடு, இவ்வரிசையின் இனிவரும் கட்டுரைகளில் ஒன்றையேனும் காது கேளாத ஒருவரைக் கொண்டே எழுதச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.