அந்த 2 விநாடியைக் கழற்றாதீர்கள்

என் லைப்ரரியைப் பயன்படுத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். புத்தகத் தளம் ஒன்றிலிருந்து தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) ஆகியவற்றை எடுத்துத் தரும் இந்தப் பைத்தான் லைப்ரரியை (பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) என் வீட்டு அலமாரியைக் கணக்கெடுக்கத்தான் எழுதினேன். ஒரு பக்கத்தை எடுத்ததும், அடுத்ததைக் கேட்குமுன் அது 2 விநாடி காத்திருக்கும். 2020 டிசம்பரில் குட்ரீட்ஸ் என்ற நூல் விமர்சனத் தளம் புதிய ஏபிஐ சாவி (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறத் தளமே திறந்துவிடும் வழிக்கான அனுமதி) தருவதை நிறுத்தியபோது, பலரும் பக்கங்களைப் படித்துத் தகவலை உருவும் ஸ்கிரேப்பர் நிரல்கள் பக்கம் போனார்கள். நான் தொடும் தளத்துக்கோ ஏபிஐயே கிடையாது. வாசல் இல்லாததால் கொல்லைப்புறமாகப் போகிறோம். செடியை மிதிக்காமல் போக வேண்டாமா?

"ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்பதுதான் அதிகம் வரும் புகார். ஒருவர் காத்திருப்பை எடுத்துவிட்டு, ஒரே நேரத்தில் 50 பக்கங்களைக் கேட்கும்படி மாற்றி அனுப்பியிருந்தார். அருமையாக எழுதப்பட்ட நிரல், ஆனாலும் சேர்க்க மாட்டேன். பக்கத்துக்கு 2 விநாடி விட்டாலும் மணிக்கு 1800 பக்கம் வரும். எந்த வீட்டு அலமாரிக்கு அது போதாது? அவசரப்பட்டால் முதலில் 429 ('அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்') என்ற பதில் வரும். அதையும் மதிக்காவிட்டால் உங்கள் இணைய இணைப்பின் ஐபி முகவரிக்கே தடை. விடுதி இணைப்பில் இருப்பவர் என்றால் பக்கத்து அறைக்காரருக்கும் சேர்த்து.

நிரல்கள் எந்தப் பக்கங்களைத் தொடக்கூடாது என்று தளம் எழுதிவைக்கும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பைப் படிக்கும் பகுதியையும் சிலர் அணைத்துவிடுகிறீர்கள். 1994இல் பிறந்த வழக்கம் அது. 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாக முறைப்படி எழுதிவைத்தார்கள். அது பூட்டு இல்லை, உண்மைதான். 'செருப்பை வெளியே விடவும்' என்ற பலகையும் பூட்டு இல்லையே.

வாசகர் விமர்சனங்களையும் எடுத்துத் தரச் சொல்கிறீர்கள். அவை எழுதியவர்களுடைய சொத்து, அதனால் அந்த வசதி வராது. லட்சக்கணக்கில் நூல் விவரம் வேண்டுமென்றால் இந்த லைப்ரரியே வேண்டாம். ஓப்பன் லைப்ரரி என்ற இணைய நூல் பட்டியல் தன் தரவை மொத்தமாகவே இறக்கிக்கொள்ளத் தருகிறது. பழகத்தான் என்றால் புக்ஸ் டு ஸ்கிரேப் என்ற பயிற்சித் தளத்தில் 1000 புத்தகங்கள், 50 பக்கங்களில் கிடக்கின்றன. அங்கே ஆசை தீர உருவுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: ஐஎஸ்பிஎன்னை எண்ணாக மாற்றிச் சேமிக்காதீர்கள். முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். பழைய 10 இலக்க முறையில் கடைசியில் எக்ஸ் வேறு வரும். நான் அப்படித்தான் பாதி அலமாரியைத் தொலைத்தேன்.

அடுத்த பதிப்பில் காத்திருப்பை 2 விநாடிக்குக் கீழே குறைக்க முடியாது. ஒருமுறை எடுத்த பக்கம் 24 மணி நேரம் உங்கள் கணினியிலேயே இருக்கும். தளத்துக்காரர்கள் நிறுத்தச் சொல்லி எழுதினால் அன்றைக்கே மூடிவிடுவேன். அதற்கு மேல் என்னிடம் புகார் சொல்லிப் பயனில்லை.

இப்படிக்கு,
லைப்ரரியை எழுதியவன்