ரிமோட்டைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஹட்டனில் போன், ரேடியோ திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் தோட்டத்துப் பையன்கள் ட்ரோனையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, ரிமோட்டில் ஏதோ கோளாறு" என்பதுதான் எல்லோரும் சொல்வது. போன மாதம் ஏ.எல். படிக்கும் ஒரு பையன் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டியதைக் கொண்டுவந்தான். தரையை விட்டுக் கிளம்பிய உடனே மூக்குக் குப்புற விழுகிறதாம். வேறொரு கடையில் போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள், பாவம், அதற்கு அவனிடம் காசு இல்லை.

மேசையில் வைத்துப் பார்த்தால் முன்பக்கத்து இரண்டு விசிறிகளும் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான்.

நாலு மோட்டாரும் ஒரே பக்கம் சுற்றினால் ட்ரோனின் உடம்பு எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பித்துவிடும், அதனால் மூலைக்கு மூலை எதிரெதிரே இருக்கும் சோடி ஒரு பக்கமும் மற்றச் சோடி மறுபக்கமும் சுற்றுகிறது, விசிறியின் வளைவும் அதற்கேற்ப இரண்டு வகை. நாம் ரிமோட்டில் குச்சியைத் தள்ளுவது ஒரு விருப்பத்தைச் சொல்வது மட்டும்தான். ரிசீவர் அதை வாங்கி பிளைட் கொன்ட்ரோலர் என்கிற போர்டிடம் கொடுக்கிறது. போர்டில் இருக்கும் கைரோ என்கிற சென்சர், ட்ரோன் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்க்க, போர்டு அதை நம் விருப்பத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு மோட்டாரின் ஈ.எஸ்.சி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் தனித்தனியே கூட்டு, குறை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஈ.எஸ்.சி. பெட்டரி மின்சாரத்தை மூன்று வயர் வழியாக மாறி மாறி அனுப்பி மோட்டாரைச் சுற்றுகிறது. அந்த மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றிப் பூட்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

இப்போது அந்தப் பையனின் ட்ரோனைப் பாருங்கள். முன்பக்கம் தாழ்கிறது என்று போர்டுக்குத் தெரிந்து முன் மோட்டார்களை வேகமாக்குகிறது. ஆனால் விசிறி மாறியிருப்பதால் காற்று கீழே போகாமல் மேலே தள்ளப்படுகிறது, ஆக போர்டு காப்பாற்றப் பார்க்கப் பார்க்க ட்ரோன் இன்னும் பலமாகக் குத்துகிறது. போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது! விசிறிகளை மாற்றிப் பூட்டினோம், கடைக்கு முன்னால் ஆடாமல் நின்றது. அவனுக்கு ஒரு சதமும் செலவில்லை.

பெட்டரியும் இப்படித்தான். 2300 கே.வி. மோட்டார் என்றால் சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2300 சுற்று. நாலு செல் லிபோ (லித்தியம் பொலிமர்) பெட்டரி முழுதாக ஏறினால் 16.8 வோல்ட், அதற்கென்று வாங்கிய மோட்டாருக்கு ஆறு செல்லைக் கொடுத்தால் 25.2 வோல்ட், மோட்டாரோ ஈ.எஸ்.சி.யோ கருகிப்போகலாம்.

இன்னொன்று, நம் மலைக்கென்றே உள்ளது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். காற்று மெல்லியது, அதே எடையைத் தூக்க விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பெட்டரி சீக்கிரம் இறங்கும், காலைக் குளிரில் இன்னும் மோசம். ஜீ.பி.எஸ். உள்ள ட்ரோன் சிக்னல் அறுந்து தானாகத் திரும்பும்போது அது பார்க்கும் உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்டதுதான். லயத்து முற்றத்திலிருந்து ஏற்றிவிட்டு 30 மீற்றர் என்று வைத்தால், நடுவில் அதைவிட உயரமாக இருக்கும் தேயிலை மலை அதற்குத் தெரியாமல் நேரே போய் மோதலாம்.

தேயிலை மலைக்கு மேலே ட்ரோன் பிடித்த படங்களை அழகாகப் போடுகிறீர்கள். மாணவர் பக்கத்தில் ஒரு தடவையாவது ட்ரோனுக்குள் இருப்பதையும் போடுங்கள் ஐயா, எந்த மூலை மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்று அம்புக்குறி போட்ட படத்தோடு. அதை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர்