பங்குதாரரே நடுவராக இருக்கலாமா? துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என் முனைவர் பட்ட ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டிக் கூட்டத்தின் குறிப்பு தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். நான்காம் இயலை நீக்கிவிட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமாம். அது ஆய்வின் எல்லைக்குள் வரவில்லையாம். அந்த இயல் யாருக்கு இடைஞ்சல் என்பது தாங்கள் அறியாததல்ல.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் முடங்கும். என் நெறியாளர் பங்குதாரராக உள்ள நிறுவனம் அந்த மக்களுக்கென்றே ஒரு வடிகட்டியைத் தயாரித்திருக்கிறது. புதிதில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அதை மூன்றாம் இயலில் எழுதியிருக்கிறேன். அதை நீக்கும்படி எவரும் சொல்லவில்லை. நிறுவனம் அறிவித்த ஆயுட்காலம் முடிவதற்கு வெகு முன்பே ஃபுளோரைடு மறுபடியும் நீரில் வரத் தொடங்குகிறது என்பது நான்காம் இயல். நிறத்திலோ சுவையிலோ இது தெரியாது. வடிகட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வீட்டில் எல்லோரும் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் கேட்பது இதுதான்: ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர், அதன் பொருளைச் சோதிக்கும் ஆய்வுக்கு நெறியாளராக இருக்கக் கூடாது.

நெறியாளரை மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள். அதற்கான படிவத்தில் இப்போதைய நெறியாளரின் தடையில்லாச் சான்று வேண்டும். மாதந்தோறும் என் வருகைச் சான்றில் அவர் கையெழுத்திட்டால்தான் உதவித்தொகை வரும். கமிட்டியின் கன்வீனரும் அவரே. அவரைப் பற்றிய முறையீட்டை அவர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது துறை அலுவலகத்தின் விதி. வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் அந்தக் கையெழுத்தில் தொங்கும்போது, ஒரு மாணவி எவ்வளவு காலம் தன் தரவுகளுக்காக நிற்க முடியும்?

2018இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி, என் ஆய்வேட்டின் வரிகள் பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் தண்டனை உண்டு. அது நியாயம்தான். ஆனால் நெறியாளருக்கு எந்த நிறுவனத்தில் எவ்வளவு பங்கு என்று எழுதி வாங்க நம் பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம்கூட இல்லை. ஆசிரியர்கள் ஸ்டார்ட்அப் தொடங்கலாம் என்ற 2019ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையைக் காட்டித்தான் புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேஷன் மையம் இங்கே திறக்கப்பட்டது. நிறுவனத்தின் வேலையையும் பல்கலைக்கழக ஆய்வையும் தெளிவாகப் பிரித்துவைக்க வேண்டும் என்று அதே கொள்கை சொல்வதை ஏன் எவரும் படித்துக் காட்டவில்லை? பல்கலைக்கழகத்துக்கும் இந்த நிறுவனத்தில் பங்கு உண்டு. அதனால்தான் இந்த மௌனமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

பல்கலைக்கழகமே பங்குதாரரானால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி ஜெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். அந்த ஆய்வு மையத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வில்சன் தொடங்கிய ஜெனோவோ என்ற மரபணு சிகிச்சை நிறுவனத்தில் அவருக்கும் பங்கு இருந்தது, பல்கலைக்கழகத்துக்கும் இருந்தது. முந்தைய சோதனைகளில் குரங்குகள் இறந்த செய்தி, ஜெல்சிங்கர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் இல்லை. இன்று அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத் துறையின் நிதியில் ஆய்வு செய்பவர், தன் ஆய்வுப் பணியோடு தொடர்புள்ள நிறுவனத்திடம் 5,000 டாலருக்கு மேல் ஆதாயம் இருந்தால் அதைத் தன் பல்கலைக்கழகத்திடம் தெரிவித்தாக வேண்டும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நெறியாளரிடம் நான் கற்றவை ஏராளம். அவரைத் தண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பங்கு வைத்திருப்பவர் அந்த ஆய்வுக்கு நெறியாளராக இருக்கக் கூடாது என்று ஆட்சிக்குழு தீர்மானம் இயற்ற வேண்டும். ஆசிரியர்களின் பங்கு விவரங்களையும் பல்கலைக்கழகத்தின் பங்கு விவரங்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நெறியாளர் மாற்றத்துக்கும் உதவித்தொகைக்கும் அவர் கையெழுத்தை நம்பியிராத ஒரு வழி வேண்டும். என் நான்காம் இயலை, இந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத வெளிப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் இருவர் படிக்கட்டும். தவறு என்று அவர்கள் காரணத்தோடு எழுதித் தந்தால் நானே நீக்கிவிடுகிறேன். ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு முன் எழுத்துப்பூர்வமான பதிலைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் துறை முனைவர் பட்ட ஆய்வு மாணவி