பேசாப் படம் ஓட்டப்போகும் திரையரங்குகளுக்கு

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வட்டாரத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் ஆபரேட்டர் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

வசனமே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை உங்களிடம் தருகிறோம். கேட்பது ஒன்றுதான்: முதல் காட்சிக்கு முன் அரை மணி நேரம் காலி அரங்கில் ஓட்டிப் பார்க்க விடுங்கள். மற்ற படங்களில் சின்னக் கோளாறை வசனம் மூடிவிடும். இதில் மூட ஒன்றுமில்லை.

படம் 1.33 அளவு, அதாவது அகலம் உயரத்தைப் போல 1.33 மடங்கு. ஃப்ளாட் டிசிபிக்குள் (திரையரங்குக்குத் தரும் டிஜிட்டல் படக்கோப்பு, ஸ்கோப்பைவிட அகலம் குறைந்த வடிவம்) 1440க்கு 1080 பிக்சலாக நடுவில் நிற்கும். இருபுறமும் 279 பிக்சல் கறுப்பு. அது வேண்டுமென்றே விட்டது. முந்தைய ஸ்கோப் (மிக அகலமான) படத்தின் லென்ஸ் அமைப்பை மாற்றாமல் ஓட்டினால் மேலே நடிகர் தலையும் கீழே, வசனத்துக்குப் பதிலாக வரும் எழுத்து அட்டையின் கடைசி வரியும் வெட்டுப்படும். ‘திரை நிறையலையே’ என்று சூம் செய்தாலும் அதே கதி. பக்கத்துக் கறுப்புத் துணி இருந்தால் பட விளிம்பு வரை இழுத்துவிடுங்கள். புரொஜெக்டரின் கறுப்பு நிஜத்தில் சாம்பல்தான்.

அடுத்து வேகம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்பது ஒலி வந்த பிறகு நிலைத்த கணக்கு. அதற்கு முன் 16, 18 என்று கையால் சுற்றி எடுத்ததைப் பின்னாளில் 24இல் ஓட்டியதால்தான் பழைய படங்களில் எல்லாரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிகிறார்கள். நாங்கள் 18இல் எடுத்து, மூன்று ஃப்ரேமுக்கு ஒன்றை இரட்டித்து 24 ஆக்கியிருக்கிறோம். அதனால் அசைவில் லேசான உதறல் இருக்கும். படத்தை ஓட்டும் சர்வரைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். துரத்தல் காட்சியில் மட்டும் இரட்டிக்கவில்லை. அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பறக்கும்.

எழுத்து அட்டைகளுக்காகத் தமிழ், மலையாளம் என இரண்டு பிரதிகள். ஒரே அட்டையில் இரு மொழியும் போட்டால் படித்து முடித்தவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத மென்பொருள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவதால் அட்டைகளைப் படமாகவே பதித்துள்ளோம். சப்டைட்டில் பட்டியல் காலியாக இருக்கும். எந்தக் காட்சிக்கு எந்தப் பிரதி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், உங்கள் ஊர்க் கூட்டம் உங்களுக்குத்தான் தெரியும். மலையாளத்தின் முதல் படமும் பேசாப் படம்தானே, எடுத்த ஜே.சி. டேனியல் பிறந்த அகஸ்தீஸ்வரம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது.

ஒலித்தடம் இல்லாவிட்டால் சில சர்வர்கள் தகராறு செய்யும் என்பதால் வெறும் மௌனத்தைப் பதித்துள்ளோம். இசை நேரடி: ஆர்மோனியம், வயலின், மிருதங்கம். மூவரும் திரைக்கு இடப்புறம் உட்காருவார்கள். இரண்டு பிளக் பாயின்ட் வேண்டும். அவர்கள் விளக்கு தாளை மட்டும் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். துளி வெளிச்சம் திரையில் பட்டாலும் இருட்டுக் காட்சிகள் வெளுத்துவிடும். மின்சாரம் போய் ஓட்டம் நின்றால், எந்த அட்டையிலிருந்து தொடங்கப்போகிறீர்கள் என்று முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். விளம்பரத்தை இடைவேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமைதியாக இருக்கிறதே என்று சினிமாப் பாட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

டிக்கெட் கவுண்டரில் ‘வசனம் இல்லாத படம்’ என்று இரு மொழியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில், சவுண்டு வரவில்லை, காசைத் திருப்பிக் கொடு என்று ஆள் வந்து நிற்பார்.

இப்படிக்கு,
படக்குழுவினர்